செங்கல்வராயன் தலை

"தலையில எண்ணெ வெச்சது யாரு?" என்று கேட்டாள் கன்னிகா.

மூளையின் அலைகளை மெஷினில் பதிவு செய்வது அவள் வேலை. ஒட்ட வேண்டிய சின்ன வில்லைகள் எல்லாம் செங்கல்வராயன் தலையிலிருந்து வழுக்கி வழுக்கி விழுந்தன.

"நான்தாம்மா," என்றாள் அவர் மனைவி ஜெயம்மா. "இருபது நாளா படுத்துக்கினே இருக்காரு. சூடு ஏறிடும்னு வெளக்கெண்ணெ வெச்சேன்."

நகரிப் பக்கத்து விவசாயி செங்கல்வராயன். புத்தூர் ரோட்டில் பைக்கிலிருந்து விழுந்ததில் நினைவு போய்விட்டது. ஒரு வாரமாகக் கண் திறந்திருக்கிறது. ஆனால் அது யாரையும் பார்ப்பதில்லை. இந்தத் திருப்பதி ஆஸ்பத்திரிக்கு வியாழக்கிழமை மட்டும் வரும் மூளை டாக்டர், மகன் பரணியிடம் காலையிலேயே ஒளிக்காமல் சொல்லிவிட்டார்.

"முழிச்சிருக்கறது வேற, நினைவோட இருக்கறது வேற. பேர் சொல்லிக் கூப்பிடும்போது அலை மாறுதான்னு பாப்போம். மாறினா பயிற்சி வார்டுல வெச்சுக்கறேன். இல்லன்னா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க. நாலு மணிக்கு நான் கிளம்பணும்."

'வீட்டுக்கு' என்பதன் பொருள் பரணிக்குப் புரிந்தது. அம்மாவிடம் அவன் சொல்லவில்லை.

எண்ணெயைப் போக்க ஷாம்பு வாங்க ஓடினான். அவன் திரும்புவதற்குள், நேரம் மிச்சமாகட்டும் என்று ஜெயம்மா பையிலிருந்த சீயக்காயைக் குழைத்து அப்பிவிட்டாள். எண்ணெயும் சீயக்காயும் சேர்ந்து அடிப்பிடித்த களி மாதிரி முடியில் இறுகிவிட்டது.

"இது சீப்புக்கே வராது," என்றாள் கன்னிகா. "மழிச்சிடுங்க."

மலையடிவாரத்து அலிபிரியிலிருந்து சாய்குமார் என்பவரைப் பரணி பைக்கில் ஏற்றிக்கொண்டு வந்தான். மொட்டை அடிப்பதில் கை தேர்ந்தவர். "பேஷன்ட். படுத்தபடியே எடுக்கணும். சீக்கிரம்," என்றதோடு சரி. விளக்கிச் சொல்ல நேரம் ஏது? புருஷன் தலையை மழிப்பதைப் பார்க்க மாட்டேன் என்று ஜெயம்மா வராந்தாவுக்குப் போய்விட்டாள். நாலு மணிக்கு மேல் இன்னும் அரை மணி நேரம் இருக்கச் சொல்லி டாக்டரிடம் கெஞ்சப் போனான் பரணி. சாய்குமார் தனியாகவே வேலையை முடித்துவிட்டுக் கிளம்பினார்.

பரணி வந்து பார்த்தபோது நைனாவின் தலை மஞ்சளாக மின்னியது.

"இன்னாம்மா இது?"

"திருப்பதியில மொட்ட போட்டுட்டு சந்தனம் பூசாம உடுவாங்களாடா?"

பரணிக்கு அழுகை வந்தது. அம்மாவைத் திட்டவும் மனசு வரவில்லை. கன்னிகா ஈரத் துணியால் துடைத்தாள்.

"ஒரு கீறல் இல்லாம மழிச்சிருக்காரு," என்றாள், ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டுமே என்று.

வில்லைகள் ஒட்டி முடிந்தபோது டாக்டர் கையில் பையோடு வந்து நின்றார்.

"கூப்பிடுங்கம்மா."

"ஏங்க, நான்தாங்க. எழுந்திருங்க."

திரையில் கோடுகள் துள்ளின. பரணி டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அம்மா, தோளை உலுக்காம கூப்பிடுங்க," என்றாள் கன்னிகா.

ஜெயம்மா கையை எடுத்தாள். மறுபடி கூப்பிட்டாள். பரணி கூப்பிட்டான். கடைசியில் கன்னிகாவும் கூப்பிட்டுப் பார்த்தாள். கோடுகள் தம் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன.

டாக்டர் கொஞ்ச நேரம் திரையையே பார்த்தார். பிறகு பரணியின் தோளில் கை வைத்தார்.

"நாளைக்குக் கூட்டிட்டுப் போங்க தம்பி."

இந்த முறை ஜெயம்மாவுக்கும் புரிந்துவிட்டது. கட்டில் கம்பியைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்தாள்.

கதவை மெல்லத் தள்ளிக்கொண்டு சாய்குமார் எட்டிப் பார்த்தார்.

"மன்னிக்கணும், தண்ணிக் கிண்ணத்த உட்டுட்டுப் போயிட்டேன்."

கட்டிலடியிலிருந்து அதை எடுத்துக்கொண்டார். எல்லோர் முகத்தையும் பார்த்தார். என்ன நடந்தது என்று அவருக்கு விளங்கவில்லை. போகிற போக்கில் ஒரு நல்ல வார்த்தை சொல்லிவிட்டுப் போகலாம் என்று நினைத்தார்.

"பெரியவரு தங்கமான மனுஷன்மா. காது பின்னால எடுக்கணும்னேன், தானே இந்தப் பக்கம் திரும்பினாரு. இன்னொரு காதுன்னேன், அந்தப் பக்கம் திரும்பினாரு."