அப்பா சொன்ன உதாரணம்

"பையன் வீட்டை விக்க, நான் சும்மா உக்காந்திருந்தேன்," என்றார் அப்பா போனில்.

"சூப்பர்ப்பா! ரொம்ப நல்லா இருக்கு!" என்றாள் மலர்விழி.

அப்பா திருப்பிக் கேட்டார்.

"நல்லா இருக்கா?"

"இதைத்தான்பா தேடிட்டிருந்தேன்."

"அவ்வளவுதானாம்மா?"

"அவ்வளவுதான். சாப்பாடு ஆறிடும், போய்ச் சாப்பிடுங்க."

மலர்விழியின் பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியிலிருந்து கிள்ளானில் இருக்கும் அப்பாவுக்கு ஞாயிறுதோறும் போகும் அழைப்பு அது. முனைவர் பட்டத்துக்காக மலர்விழி மல்லுக்கட்டிய சங்கதி இதுதான்: 'விற்க', 'பெய்ய' போன்ற எச்சங்களுக்குக் காலம் கிடையாது. காலமில்லாத வினை தன் எழுவாய்க்கு வேற்றுமை தர முடியாது, வேற்றுமை பெறாத பெயர் வாக்கியத்தில் இருக்கவே கூடாது என்பது அவள் படித்த கோட்பாடு. தமிழிலோ அந்தப் 'பையன்' டிக்கெட் எடுக்காமல் கொமுட்டர் ரயிலில் ஏறி, ஜன்னலோரமாக ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறான். அவனை உள்ளே விட்டது யார்?

அதற்காகத்தான் அப்பா வாராவாரம் உதாரணம் சொல்வார். 'மழை பெய்ய, துணியெல்லாம் நனைஞ்சுச்சு.' 'பருப்பு வேக, ரொம்ப நேரம் ஆச்சு.' அவள் எழுவாயை மட்டும் பார்ப்பாள். துணி என்ன ஆனது, பருப்பு வெந்ததா என்று கேட்டதே இல்லை.

மறுநாள் காலை அப்பா எழுந்திருக்கவில்லை.

கருமாதியன்று கிள்ளான் வீட்டு வாசலில் கெனோப்பிப் பந்தல் போட்டிருந்தது. முகப்புப் போர்ச்சில் அப்பாவின் பிரம்பு நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. அப்போது பார்த்து ஆய்வு மேற்பார்வையாளர் கௌசல்யாவின் வாட்ஸ்அப் வந்தது: உன் அப்பா கடைசியாகச் சொன்ன வாக்கியத்துக்கு ஒருவர் தீர்ப்பு மட்டும் போதாது. அவரிடம் மறுபடி கேட்கவும் வழியில்லை. வேறு ஒருவர் அந்த வாக்கியத்தைச் சரி என்று சொன்னால் வைத்துக்கொள்ளலாம். இல்லாவிட்டால் இன்றே நீக்கிவிடு.

அப்பாவை நீக்குவதா? மலர்விழி சமையல்கட்டுக்குள் ஓடினாள். அப்பாவின் தங்கை கிருஷ்ணம்மாள் சாம்பாரைக் கிண்டிக்கொண்டிருந்தார்.

"அத்தை, ஒண்ணு சொல்றேன், சரியா தப்பான்னு மட்டும் சொல்லுங்க. 'பையன் வீட்டை விக்க, நான் சும்மா உக்காந்திருந்தேன்.'"

கரண்டி நின்றது. "விக்கிறானா? உங்கப்பன் இந்த வீட்டை விமலன் பேருக்கு எழுதினப்பவே நான் சொன்னேன்!"

"ஐயோ, அண்ணன் ஒண்ணும் விக்கல அத்தை. உதாரணம்!"

"உதாரணத்துக்கு யாராச்சும் வீட்டை விப்பாங்களா?"

மலர்விழி ஆளை மாற்றிப் பார்த்தாள். "சரி, வீடு வேணாம். 'மாமா காரை விக்க, அத்தை சும்மா உக்காந்திருந்தாங்க.'"

"நான் எதுக்குடி சும்மா உக்காரணும்?"

வடைத் தட்டோடு வந்த அத்தையின் கணவர் சின்னையா மாமா பதறினார். "காரா? என் புரோட்டோனையா? யாரு விக்கிறா?"

"நீங்கதானாம்!" என்றார் அத்தை.

"யாரும் எதையும் விக்கல!" மலர்விழி கத்தினாள். "இது அப்பா கடைசியா சொன்ன வாக்கியம், அவ்வளவுதான்!"

அதைச் சொல்லியிருக்கக் கூடாது. வடை ஆறுவதற்குள் சேதி கெனோப்பியைச் சுற்றி வந்துவிட்டது. பெரியவர் உயிர் போகும்போது வீட்டைப் பற்றி ஏதோ சொல்லிவிட்டுப் போயிருக்கிறாராம்.

அண்ணன் விமலன் வியர்க்க விறுவிறுக்க உள்ளே வந்தான். "அப்பா உன்கிட்ட சொல்லிட்டாரா?"

"சொன்னாருண்ணே. ஞாயித்துக்கிழமை."

விமலன் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டான். பாவம், அப்பா நினைவு வந்துவிட்டது என்று மலர்விழி தண்ணீர் மொண்டு கொடுத்தாள்.

"பயப்படாதீங்க. எழுவாய் வேற்றுமைக்கு அவர் சொன்ன உதாரணம்தான் அது. சொல்றேன், சரியா இருக்கான்னு பாருங்க." வாக்கியத்தைச் சொன்னாள்.

விமலன் ஒரே மூச்சில் தண்ணீரைக் குடித்து முடித்தான். "உதாரணமா? ஆமா, உதாரணம்தான். சரியாத்தான் இருக்கு. நல்ல வாக்கியம் லா."

"கண்டிப்பா?"

"கண்டிப்பா. அனுப்பிரு."

அனுப்பினாள். கௌசல்யாவிடமிருந்து உயர்த்திய கட்டைவிரல் வந்தது. அப்பா நீங்கவில்லை. பதினாறு நாளில் முதல் தடவையாக அவள் நிம்மதியாக மூச்சுவிட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

கேட்டருகே டை கட்டிய இளைஞன் ஒருவன் நின்றிருந்தான். அவனுக்குப் பின்னால் ஒரு கணவனும் மனைவியும் கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா, நான் ரியாஸ், வீட்டு ஏஜென்ட். விமலன் பாஸ் போனை எடுக்கல. இவங்க வீட்டை இன்னொரு தடவை பார்க்கணுமாம்." கெனோப்பியைக் கண்டதும் தயங்கினான். "ஓ, வீட்ல கெண்டூரி விருந்தா? சாரிக்கா."



ரியாஸ் போர்ச்சை எட்டிப் பார்த்தான். "போன தடவை பாஸ் விலை பேச, ஒரு அங்கிள் இங்கயே சும்மா உக்காந்திருந்தாரு லா. இன்னிக்கு அங்கிளைத்தான் காணோம், நாற்காலி அப்படியே இருக்கு."