சிஸ்டரின் ஜீப்புக்கு உரிமையாளர் உண்டு

எங்கள் நகர் நலச்சங்கச் செயலாளரே, நீங்கள் பொய் எழுதிக் கொடுத்தீர்கள். "உரிமையாளர் இல்லாத வண்டி" என்று மனுவில் எழுதி, கையெழுத்துப் போட்டு, சங்கத்தின் ரப்பர் ஸ்டாம்பையும் குத்தினீர்கள். அந்த வண்டி யாருடையது என்று எங்கள் தெரு நாய்க்கே தெரியும். உங்களுக்குத் தெரியாதா?

வாரப் பத்திரிகையில் இப்படியா ஆரம்பிப்பது என்று படிக்கிறவர்கள் கேட்கலாம். எனக்கு வேறு மாதிரி ஆரம்பிக்கத் தெரியாது. நான் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ரோலிங் மில் ஃபிட்டர். எங்கள் மில்லில் மெதுவாகப் பேசினால் யாராவது ஒருவருக்குக் கை போய்விடும்.

மீஞ்சூரிலிருந்து ஆரம்பாக்கம் வரைக்கும் தேடினாலும் ஜீப் சிஸ்டரைப் போல ஒரு பிடிவாதக்காரி கிடைக்க மாட்டார். சொந்தமாக ஜீப் வைத்திருந்தார், ஓட்டத் தெரியாது. கற்றுக்கொள்ளவும் மாட்டேன் என்றுவிட்டார். முன் சீட்டில் உட்காரவும் மாட்டார். பின்னால் இருக்கிற பக்கவாட்டு பெஞ்சில்தான் உட்காருவார். அதுவும் ஒரு முழம் இடம் விட்டு உட்காருவார். அந்த ஒரு முழம், தடுப்பூசி மருந்து வைக்கும் ஐஸ் பெட்டிக்கு. பெட்டி ஆபீசுக்குத் திரும்பிப் போய் வருஷங்கள் ஆகிவிட்டன. இடம் மட்டும் பெட்டிக்குத்தான்.

அவர் கிராம சுகாதார நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். ஏரிக்கரை ஊர்களுக்கும் உப்பங்கழி ஓரத்துக் குப்பங்களுக்கும் மழைக்காலத்தில் சாதாரண வண்டி போகாது. நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற இந்த ஜீப்தான் அவரையும் மருந்தையும் சேற்றில் சுமந்தது. அவர் ஓய்வு பெற்ற வருஷமே ஜீப்பையும் கழித்துக் கட்டி ஏலத்துக்கு விட்டார்கள். பழைய இரும்புக்காரர்களோடு நின்று சிஸ்டர் ஏலம் கேட்டார். டிராக்டரில் கட்டி இழுத்துவந்து வீட்டு வாசலில் நிறுத்தினார். எதிர்வீட்டுக்காரனான நான் வாயை மூடிக்கொண்டு போயிருக்கலாம்.

"இன்னாத்துக்கு சிஸ்டர் இந்த ஓட்ட வண்டி? எடைக்குப் போட்டுட்டுப் போவ வேண்டியதுதான?"

"நானும் அதே ரோட்லதான்டா ஓடுனேன். எனக்கு மட்டும் பென்ஷன், இதுக்கு எடையா?"

நான் குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தேன்.

"நீ இன்னா வேல பாக்குற?"

"ஃபிட்டரு சிஸ்டர்."

"அப்ப ஞாயித்துக்கெழம வந்துரு."

அப்படித்தான் என்னுடைய ஒன்பது வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகள் போயின.

காலையில் சர்ச்சுக்குப் போய்விட்டு வெள்ளைச் சேலையோடு வந்து பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு உட்காருவார். மீந்துபோன தடுப்பூசி அட்டை ஒன்றில் ஜீப்புக்குப் பதிவு வைத்திருந்தார். குழந்தையின் பெயர்: ஜீப். தாயின் பெயர்: ஒரு கோடு. அடுத்த தவணை என்ற கட்டத்தில் ஆயில் மாற்ற வேண்டிய தேதி. தேதி தவறினால் என் வீட்டுக் கதவைத் தட்டுவார், சொட்டு மருந்துக்கு விட்டுப்போன வீட்டைத் தட்டுகிற மாதிரி.

வேலைக்கு நான், சில நாள் எங்கள் மில் வெல்டர் சேகர், இன்னும் வேடிக்கை பார்க்க வந்து மாட்டிக்கொண்ட இரண்டு பேர் இருப்போம். டீ கொடுத்ததும் சிஸ்டர் மார்க்கர் பேனாவை எடுத்து எங்கள் இடது சுண்டுவிரல் நகத்தில் ஒரு கோடு போட்டுவிடுவார். கோடு விழுந்தவனுக்கு இரண்டாவது டீ கிடையாது. திங்கட்கிழமை மில்லில் சூப்பர்வைசர் என் விரலைப் பார்த்துவிட்டு, "இன்னாய்யா, சொட்டு மருந்து போட்டுக்கினியா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். விளக்கம் சொல்ல ஆரம்பித்தால் ஷிஃப்ட் முடிந்துவிடும்.

வண்டியா அது? ரேடியேட்டர் ஓட்டையை அடைத்தால் ஹோஸ் பிய்த்துக்கொள்ளும். ஹோஸை மாற்றினால் செல்ஃப் மோட்டார் சுற்றாது. செல்ஃப் சுற்றினால் டீசல் லைனில் காற்று புகுந்திருக்கும். கைப்பம்பை அடித்து அடித்து என் கட்டை விரல் வேறு நிறமாகிவிட்டது. ஒரு பக்கம் கடல் காற்று, மறுபக்கம் புகைக்கூண்டுத் தூள். நான் ஒரு இடத்தில் துருவைத் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொரு இடத்தில் புதுத் துரு ஏறும். பார்ட்ஸ் தேடி புதுப்பேட்டைக்குப் போனால், கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இந்த வண்டி இன்னும் கீதா?" என்று கேட்பார். இருக்கிறது என்றால் பக்கத்துக் கடைக்காரரையும் கூப்பிட்டுச் சொல்லுவார்.

சிஸ்டருக்கு இதெல்லாம் நோய். இன்ஜின் மேல் புறங்கையை வைத்துப் பார்ப்பார்.

"டைபாய்டு மாதிரி கீதுடா. காலையில நார்மலு, சாயங்காலமானா ஏறுது."

"அது தெர்மோஸ்டாட்டு சிஸ்டர்."

"இன்னாவோ ஒண்ணு. மூணு நாளு கவனிக்கணும்."

ஒருமுறை அரிசி மூட்டை எடுக்கப் பஜாருக்குப் போனோம். பின் பெஞ்சிலிருந்து உத்தரவு வந்தது.

"அந்தச் சின்ன கியரப் போட்டுப் பாரு. நாலு சக்கரமும் இழுக்குதா, செத்துப்போச்சான்னு தெரிய வேணாமா?"

"காஞ்ச ரோட்ல போடக் கூடாது சிஸ்டர்."

"சேத்த தேடிக்கினு எங்க போறது? போடு."

போட்டேன். விழுந்தது. திரும்ப எடுக்க வரவில்லை. முன் சக்கரமும் பின் சக்கரமும் தார் ரோட்டில் ஒன்றை ஒன்று முறைத்துக்கொண்டன. ஸ்டியரிங் அம்மிக்கல் மாதிரி ஆகிவிட்டது. சேகருக்கு போன் போட்டேன். "ரிவர்ஸ்ல கொஞ்ச தூரம் போ, தானா விட்டுரும்" என்றான். போனேன். விடவில்லை. இன்னும் கொஞ்சம் போனேன். இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக பஜார் முழுக்க ரிவர்ஸிலேயே போனோம்.

நான் கழுத்தைத் திருப்பிக்கொண்டு ஓட்டினேன். பின் கதவு திறந்திருந்ததால் ஊர்வலத்துக்கு முதல் ஆள் சிஸ்டர்தான். கம்பியைப் பிடித்து எழுந்து நின்றுகொண்டார். "ஓரம் போ, ஓரம் போ" என்று வழியும் விலக்கினார், நடுவில் தன் வேலையையும் பார்த்தார்.

"ஏம்மா, உன் பையனுக்குப் பத்து வயசு ஊசி போட்டியா?"

"போட்டாச்சு சிஸ்டர்."

"கார்டு வச்சினுகீறியா?"

பதில் வருவதற்குள் வண்டி அவர்களைத் தாண்டிவிடும். அன்று ஒரு கடைக்காரர் தேங்காய் உடைத்தார் என்று எங்கள் பக்கம் சொல்லுவார்கள். அது பொய். எலுமிச்சம்பழத்தைக் கையில் எடுத்தார், அவ்வளவுதான்.

வீட்டு வாசலுக்கு வந்ததும் டக்கென்று கியர் விட்டது. சிஸ்டர் இறங்கி முன் சக்கரத்தைத் தட்டிக்கொடுத்தார். "பாத்தியா, உசுரோடதான் கீது."

செயலாளரே, உங்கள் வருத்தம் எனக்குத் தெரியும். நீங்கள் இரண்டு வீடு தள்ளி இருக்கிறீர்கள். ஜீப்பைக் கிளப்பினால் வருகிற கரும்புகை கொடியில் காயும் உங்கள் வெள்ளைச் சட்டைமேல் உட்காரும். சட்டையோடு சண்டைக்கு வந்தீர்கள். "குடு, தோச்சுத் தரேன்" என்று சிஸ்டர் கையை நீட்டினார். உங்களுக்கு வேண்டியது தோய்த்த சட்டை இல்லை. கொடுக்காமலே போனீர்கள்.

போன வருஷம் ஜீப்பின் பதிவைப் புதுப்பிக்க வேண்டி வந்தது. வண்டியை ஆர்.டி.ஓ. ஆபீசில் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். பாஸானால் இன்னும் ஐந்து வருஷம். இல்லாவிட்டால் பழைய இரும்பு. கட்டி இழுத்துக்கொண்டு போகலாம் என்று சொன்னேன்.

"பொணமா அது, இழுத்துக்கினு போறதுக்கு? ஓடிக்கினு போய் நிக்கட்டும்" என்றார்.

அதற்காகத்தான் எல்லாவற்றையும் பிரித்தேன். ஜீப்பைச் செங்கல் அடுக்கின்மேல் ஏற்றிவிட்டு நாலு சக்கரத்தையும் கழற்றினேன். நம்பர் பிளேட்டில் எழுத்து அழிந்திருந்தது, புதிதாக எழுதுவதற்காக அதையும் கழற்றினேன். எல்லாவற்றையும் என் வீட்டுக்கு எடுத்துப்போனேன். அந்த வாரம் பள்ளிப்பட்டில் சிஸ்டரின் தங்கை விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். கூட இருந்து பார்த்துக்கொள்ள சிஸ்டர் கிளம்பினார்.

"வர்ற வரிக்கும் பாத்துக்கடா."

"நீங்க போங்க சிஸ்டர். நான் இல்ல?"

நான் இல்லை. மில்லில் வருஷாந்திர ஷட்டவுன் வந்துவிட்டது. மொத்த மில்லையும் நிறுத்திப் பிரித்துப் போட்டு மாட்டுகிற வேலை. ஃபிட்டருக்கு லீவு கிடையாது. பதினெட்டு நாள் நான் ஜீப் பக்கம் திரும்பவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மில்லில் ஒரு போல்ட்டைக் கழற்றினாலும் அந்த மெஷினில் சிவப்பு அட்டை தொங்கவிடுவோம். "வேலை நடக்கிறது, தொடாதே" என்று எழுதி, கீழே வேலை செய்கிறவன் பெயர் இருக்கும். அட்டை தொங்கினால் முதலாளியே வந்தாலும் தொட மாட்டார். என் சட்டைப்பையில் எப்போதும் நாலு அட்டை இருக்கும். ஜீப்பில் நான் ஒன்றைக்கூடத் தொங்கவிடவில்லை. நம் தெருவில் எதற்கு அட்டை என்று நினைத்தேன்.

அப்போதுதான் நீங்கள் பேரூராட்சிக்கு மனு எழுதினீர்கள். கேட்பாரற்று நிற்கும் வண்டி, கொசு உற்பத்தி, டெங்கு அபாயம். ஊர் ஊராகப் போய்த் தொட்டியில் கொசுப்புழுவுக்கு மருந்து ஊற்றின பொம்பளையின் வண்டிமேல் டெங்கு என்று எழுத உங்கள் கை எப்படிப் போனது? ஒரு நாள் காலை பத்து மணிக்குப் பேரூராட்சி லாரி வந்தது. நான் மில்லில் இருந்தேன். என் மனைவி ஓடிவந்து லாரியில் வந்தவரைக் கேட்டிருக்கிறாள்.

"சிஸ்டர் வண்டிய எங்க தூக்கினு போறீங்க?"

"வண்டில நம்பரே இல்லம்மா. சக்கரமும் இல்ல. யாருதுன்னு நான் எழுதுறது?"

"சிஸ்டருதுன்னு எழுதுங்க. உங்களுக்குத் தெரியாதா?"

"சிஸ்டரு எங்க கீறாங்க, வந்து சொல்லச் சொல்லு."

அதற்குள் சங்கிலி போட்டுத் தூக்கிவிட்டார்கள்.

எடைக்குப் போட்டாயிற்று என்று பேரூராட்சியில் சொல்லிவிட்டார்கள். சம்பளம் போனாலும் சரி என்று இரண்டு நாள் வேலைக்குப் போகாமல் நெடுஞ்சாலை ஓரத்துப் பழைய இரும்புக் கிடங்குகளில் தேடினேன். மூன்றாவது கிடங்கில் ஒருவன் சாதாரணமாகச் சொன்னான். "டயரு இல்லாத ஜீப்பா? வந்துச்சுண்ணா. கட்டர் போட்டு வெட்டியாச்சு. ஃபர்னஸுக்குப் போயிருக்கும்."

எந்த ஃபர்னஸ் என்று அவனுக்குத் தெரியவில்லை. எங்கள் பக்கத்து உலைகளில் பழைய இரும்பை உருக்கித்தான் கட்டி வார்க்கிறார்கள். அந்தக் கட்டிதான் எங்கள் மில்லுக்கு வந்து கம்பியாகிறது. மில் திரும்ப ஓட ஆரம்பித்த வாரம் முழுக்க, சிவக்கக் காய்ந்து உருளைக்குள் நுழைகிற ஒவ்வொரு கட்டியையும் நான் பார்த்துக்கொண்டு நின்றேன். பார்த்து என்ன தெரியப்போகிறது?

சிஸ்டருக்கு போனில் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அவர் திரும்பின அன்று பஸ்ஸிலிருந்து இறங்கி, பையோடு நடந்து வந்தார். நான் கேட்டில் நின்றிருந்தேன். வாசலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நடந்ததைச் சொன்னேன்.

"சக்கரம்லாம்?"

"என் ஊட்ல கீது சிஸ்டர்."

"நம்பர் பிளேட்டு?"

"அதுவும்."

"எழுதிட்டியா?"

"எழுதிட்டேன்."

"நல்லா எழுதினியா?"

நான் தலையை ஆட்டினேன். அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். ஒன்பது வருஷத்தில் ஆயில் சொட்டியதற்குத் திட்டியிருக்கிறார், ஸ்பேனரை வெயிலில் போட்டதற்குத் திட்டியிருக்கிறார். அன்று நேராக ஜீப் நின்ற இடத்துக்குப் போனார்.

அந்த இடத்தில் நீங்கள் நகரை அழகுபடுத்துவதற்காக நாலு செடித்தொட்டி வைத்திருந்தீர்கள். நாலுக்கும் அடியில் தட்டு. நாலு தட்டிலும் தண்ணீர் நின்றது. சிஸ்டர் பையைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தார். எனக்கும் தெரிந்தது. கொசுப்புழு நெளிந்துகொண்டிருந்தது. அவர் ஒவ்வொரு தட்டாக எடுத்துத் தண்ணீரைக் காய்ந்த மண்ணில் கவிழ்த்தார். நாலையும் கவிழ்த்துத் துடைத்து வைத்தார். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"வாரத்துக்கு ஒரு தபா கொட்டச் சொல்லு" என்றார். பிறகு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

பத்து நாளில் வீட்டைப் பூட்டிக்கொண்டு பள்ளிப்பட்டுக்கே போய்விட்டார். தங்கைக்கு ஆள் வேண்டும் என்று சொன்னார். ஷேர் ஆட்டோவில் ஏறும்போது நான் பையைத் தூக்கிக் கொடுத்தேன். "இருங்க சிஸ்டர்" என்று சொல்ல வந்தேன். அதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"அந்த டயர யாருக்கினா குடுத்துரு. அது வரிக்கும் தண்ணி நிக்காம வெச்சிக்க" என்றார். ஆட்டோ போய்விட்டது.

செயலாளரே, சங்கத்தின் பொதுக்கூட்டம் வருகிறது. எப்போதும் போல மைக்கை நீங்கள்தான் பிடிப்பீர்கள். வரவேற்பு, வரவு செலவு எல்லாம் அப்புறம். முதலில் எல்லோர் முன்னாலும் நின்று பதில் சொல்லுங்கள்: அந்த வண்டி யாருடையது, தெரிந்துதான் எழுதினீர்களா? சக்கரத்தைக் கழற்றிப்போட்டு அட்டை தொங்கவிடாமல் போனவன் நான் என்று உங்கள் பக்கத்திலேயே நின்று நானும் சொல்கிறேன். உள்ளுக்குள்ளே முனகாமல் சத்தமாகச் சொல்லுங்கள். பள்ளிப்பட்டுக்கு போன் போட்டு மைக்குக்கு நேரே பிடித்துக்கொண்டு நிற்பேன். சிஸ்டருக்கு இப்போது காது கொஞ்சம் மந்தமாகிவிட்டது.