நாற்காலி அண்ணாச்சி உட்கார்ந்து பார்த்த இடம்

தூத்துக்குடியில் ஆபீசுக்கு இடம் பிடித்துத் தரும் தரகர்கள் எத்தனையோ பேர் உண்டு. வந்தவரை இடம் பிடிக்கவிடாமல் தடுத்தே பேர் வாங்கிய தரகர் ஒருவர்தான். பெற்றோர் அவருக்கு வைத்த பெயர் அவருடைய ஆதார் அட்டைக்கு மட்டுமே தெரியும். ஊருக்கு அவர் நாற்காலி அண்ணாச்சி.

மற்ற தரகர்கள் சாவிக்கொத்தோடு வருவார்கள். இவர் மொபெட்டின் பின்னால் ஒரு மடக்கு நாற்காலியைக் கட்டிக்கொண்டு வருவார். இடம் பார்க்க வருகிறவர் அந்தக் காலி அறையில் நாற்காலியைப் போட்டுக் காலை பத்து மணி முதல் மாலை ஐந்து மணி வரை உட்கார வேண்டும். உட்கார்ந்தால்தான் ஒப்பந்தம். கலெக்டரே வந்தாலும் சட்டம் ஒன்றுதான்.

"பொண்ணு பாக்கப் போனாக்கூட ஒரு காப்பி குடிக்கிற நேரம் உட்காருதோம்லா? வருசக்கணக்கா இருக்கப்போற எடத்த நின்னுக்கிட்டே பாத்துட்டுப் போனா எப்படி?" என்பார்.

இதில் உருப்படாமல் போன பேரங்கள் ஏராளம். மில்லர்புரத்தில் ஒரு இன்சூரன்ஸ் அதிகாரிக்கு முதல் மாடி ரொம்பப் பிடித்துவிட்டது. அண்ணாச்சி உட்கார வைத்தார். நாலு மணிக்குத் தலைக்கு மேலே முப்பது பிள்ளைகள் சலங்கை கட்டிக்கொண்டு குதிக்க ஆரம்பித்தன. மேல்மாடியில் பரதநாட்டிய வகுப்பு.

"ஒரு மணி நேரந்தான வே!" என்று கட்டட உரிமையாளர் கெஞ்சினார்.

"புருசன் செத்த துக்கத்தச் சொல்லிக்கிட்டு ஒரு பொம்பள வந்து நிக்கும்போது, மேல ஜல்ஜல்னு ஆடுனா நல்லாவா இருக்கும்?" என்று கேட்டுவிட்டு அண்ணாச்சி நாற்காலியை மடக்கினார். அந்த உரிமையாளர் அதற்குப் பிறகு தெருவில் மொபெட் சத்தம் கேட்டாலே கேட்டைச் சாத்தினார்.

இன்னொருவர் தன் இடம் ஆயிரம் சதுரடி என்று சாதித்தார். அறைக்குள் போனால் ஆயிரத்தைக் காணோம். கேட்டதற்கு, "படிக்கட்டு, லிஃப்ட், வாட்ச்மேன் ரூம்னு எல்லாத்துலயும் ஒங்க பங்கு சேந்துதான் கணக்கு அண்ணாச்சி. இப்ப எல்லாவனும் அப்படித்தான் விடுதான்" என்றார். அண்ணாச்சி நாற்காலியைப் படிக்கட்டின் நடுவில் விரித்து, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து பேப்பர் படிக்கத் தொடங்கினார்.

"வழிய மறிச்சிக்கிட்டு என்னவே செய்யுதீரு?"

"எங்க ஆளோட பங்குல உட்கார்ந்திருக்கேன். இதுக்கும்தான வாடகை?"

ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் அவரைச் சுற்றிச் சுவரோடு ஒட்டிக்கொண்டு போனார்கள். அரை மணி நேரத்தில் அறைக்குள் இருக்கும் தரைக்கு மட்டும் வாடகை என்று முடிவாயிற்று.

இப்படிப்பட்டவரிடம்தான் நானும் போய்ச் சேர்ந்தேன். சரக்குக் கப்பல் கம்பெனி ஒன்றில் பன்னிரண்டு வருஷம் குப்பை கொட்டிவிட்டு, சொந்தமாகத் துறைமுக ஏஜென்சி தொடங்க வேலையை விட்ட நேரம். என்னை நம்பி இன்னும் இரண்டு பேர் வேலையை விட்டுவிட்டு வந்திருந்தார்கள். கொச்சியில் உள்ள ஒரு பெரிய ஏற்றுமதிக் கம்பெனி தங்கள் தூத்துக்குடி வேலை முழுவதையும் எங்களுக்குத் தரத் தயாராக இருந்தது. ஒரே ஒரு நிபந்தனை. வெள்ளிக்கிழமை அவர்களுடைய மேனேஜர் வந்து எங்கள் ஆபீசைப் பார்ப்பார். ஆபீஸ் பிடித்தால் வேலை எங்களுக்கு. இல்லாவிட்டால் மூன்று குடும்பமும் நடுத்தெருவில்.

அண்ணாச்சி முதலில் காட்டியது துறைமுகச் சாலைப் பக்கம் ஒரு தரைத்தள அறை. சுவருக்கு ரோஸ் கலர் அடித்திருந்தார்கள். பக்கத்தில் லாரிகள் நிறுத்தும் பொட்டல். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அடுத்து ஒரு நாலாவது மாடியைக் காட்டினார். கிழக்கே முழுக்கக் கண்ணாடி. கடலும் கப்பலும் படம் மாட்டியதுபோல் தெரிந்தன. காலை பத்தரை மணி. நான் அங்கேயே மயங்கிவிட்டேன்.

"இதுதான் அண்ணாச்சி!"

"நாளைக்கு வந்து உட்காரு. பொறவு பேசுவோம்."

"எனக்கு நேரமில்ல அண்ணாச்சி. வெள்ளிக்கிழமை மேனேஜர் வாராரு."

"நேரமில்லாதவன்தான் மொதல்ல உட்காரணும், தம்பி."

எனக்கு எரிச்சல் வந்தது. இந்த மனிதர் நாற்காலியைக் கட்டிக்கொண்டு அழட்டும் என்று நினைத்தேன். திங்கட்கிழமை காலை அவருக்குத் தெரியாமல் உரிமையாளரை நேரே பார்த்து, பதினோரு மாத ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். தரகரை ஒதுக்கிவிட்டுப் பேரம் முடிப்பது எங்கள் ஊரில் பெரிய பாவம். தெரிந்தேதான் செய்தேன்.

புதன்கிழமை மேஜை நாற்காலிகள் வந்தன. சரியாக இரண்டு மணிக்குக் காற்று திரும்பியது. காலையில் கரையிலிருந்து கடலுக்குப் போகும் காற்று, மத்தியானத்துக்குமேல் கடலிலிருந்து கரைக்கு வரும். இந்த ஊர்க் காற்றின் வழக்கம் அது. எங்கள் கட்டடத்துக்கும் கடலுக்கும் நடுவே, மதிலுக்கு அந்தப்பக்கம், யாரோ ஒரு புண்ணியவான் கருவாடு காயப் போட்டிருந்தார். வாசனை படியேறி வரவில்லை, நேரே நாலாவது மாடிக்கே வந்தது. கண்ணாடி ஜன்னல்களை அடைத்தோம். உள்ளே வந்தது வெளியே போக வழியில்லாமல் எங்களோடு தங்கிவிட்டது. மேனேஜர் வருவது வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு.

இடம் காட்டும் உரிமையாளர்கள் எல்லாரும் ஏன் காலையிலேயே வரச் சொல்கிறார்கள் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. வெட்கத்தைத் தின்றுவிட்டு அண்ணாச்சிக்கு போன் போட்டேன்.

"அண்ணாச்சி... தப்புப் பண்ணிட்டேன்."

"மணி ரெண்டே கால். எப்ப கூப்பிடுவேன்னுதான் பாத்துக்கிட்டு இருந்தேன். கீழ வா."

கீழே மொபெட் நின்றது. பின் சீட்டில் நாற்காலி இருந்ததால் அதை அவிழ்த்து என் தலையில் கவிழ்த்துவிட்டு ஏறச் சொன்னார். நாற்காலிக் கால்களுக்கு நடுவே முகத்தை நீட்டிக்கொண்டு ஊருக்குள் போனேன். தெரிந்தவர்கள் எல்லாரும் அன்றைக்கென்று தெருவில் நின்றார்கள்.

வண்டி அந்த ரோஸ் கலர் அறை முன்னால் நின்றது. பூட்டைத் திறந்து, சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்துக் கொடுத்தார். உள்ளே அவர் கையெழுத்து:

"10.15. வெயில் ஜன்னல் வரை வந்தது, உள்ளே வரவில்லை. 11.00. டீக்கடை எட்டு எட்டில். டீ சுமார். 12.40. கரண்ட் போனது, காற்று போகவில்லை. 2.10. கடல்காற்று வந்துவிட்டது. உப்பு வாசம் மட்டும். 4.00. லாரி டிரைவர்கள் மூன்று பேர் யாரையும் கேட்காமல் தாங்களாகவே உள்ளே வந்தார்கள். சரக்கு ஏற்ற லாரி தேடி அலைய வேண்டாம், தம்பி தொழிலுக்கு நல்லது."

மேலே போட்டிருந்த கிழமை செவ்வாய். நான் வேறு இடத்தில் கையெழுத்துப் போட்டதற்கு மறுநாள்.

"நான் ஒங்கள ஏமாத்திட்டுப் போனது தெரியுமா அண்ணாச்சி?"

"திங்கக்கெழம மத்தியானமே அந்த ஓனரு ஊரெல்லாம் சொல்லிட்டான்."

"பொறவு எனக்காக எதுக்கு நாள் முழுக்க உட்கார்ந்தீங்க?"

"நீ உட்காராமத்தான கையெழுத்துப் போட்டே? உட்காராமப் போட்டவன் திரும்பி வருவாம்லா. வரும்போது எடம் வேணும்லா." பிறகு தன் வலது காதைத் தொட்டுக் காட்டினார். "உப்புக் கம்பெனில இருவத்திரண்டு வருசம். எம் மேசையை ஜெனரேட்டர் பக்கத்துல போட்டுட்டான். எடம் பாத்தவன் ஒருத்தன், உட்கார்ந்தவன் நான். இந்தக் காது போச்சு."

இத்தனை நாளும் நான் இடது பக்கம் நின்று பேசினால்தான் பதில் சொல்லுவார். அதைத் திமிர் என்று நினைத்திருந்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மறுநாள் மத்தியானம் நாலாவது மாடி உரிமையாளரைக் கூப்பிட்டுப்போய், கண்ணாடிக்கு எதிரே நாற்காலியை விரித்தார். "சும்மா உட்காரும், பேசுவோம்" என்றார். மணி ஒன்றேமுக்கால். இரண்டரைக்கெல்லாம் அந்த மனிதர் மூக்கைப் பொத்திக்கொண்டு, ஒப்பந்தத்தைக் கிழித்து, அட்வான்சையும் திருப்பித் தந்தார். அன்று மாலையே எங்கள் மேஜைகள் ரோஸ் கலர் அறைக்குப் போய்ச் சேர்ந்தன.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு மேனேஜர் வந்தார். அண்ணாச்சி தன் மடக்கு நாற்காலியோடு ஒரு மூலையில் இருந்தார். ரோஸ் சுவரைப் பார்த்தார். லாரிகளைப் பார்த்தார். என் பக்கம் திரும்பவே இல்லை. மேஜைமேல் இருந்த அண்ணாச்சியின் நோட்டைச் சும்மா புரட்டியவர், நின்றுகொண்டே கடைசி வரி வரை படித்தார். சிரித்துவிட்டு விவரம் கேட்டார். அண்ணாச்சியின் பத்து மணி முதல் ஐந்து மணிச் சட்டத்தைச் சொன்னேன்.

"இந்த நாற்காலியில் நானும் ஐந்து மணி வரை உட்காரலாமா?" என்று கேட்டார்.

உட்கார்ந்தார். நாலு மணிக்கு டிரைவர்கள் தாங்களாகவே உள்ளே வந்தார்கள். ஐந்து மணிக்கு எழுந்து எனக்குக் கை கொடுத்தவர், "எங்கள் ஹெட் ஆபீசுக்கு இடம் பிடித்தபோது இவர் எங்கே இருந்தார்?" என்றார். வேலை எங்களுக்குக் கிடைத்துவிட்டது.

இப்போது ஆபீஸ் இடங்களைப் போனிலேயே படம் போட்டுக் காட்டுகிறார்கள். அண்ணாச்சிக்கு அழைப்பு குறைந்துவிட்டது. ஆனால் பதினோரு மாதத்துக்கு ஒருமுறை, என் ஒப்பந்தம் புதுப்பிக்கும் நாளில், நாற்காலியோடு வந்துவிடுவார். பத்திலிருந்து ஐந்து வரை என் ஆபீஸ் நடுவில் உட்கார்ந்து, டீயைக் குறை சொல்லி, டிரைவர்களை விசாரித்து, நோட்டில் எழுதி, "இன்னும் பதினோரு மாசத்துக்குத் தாங்கும்லே" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போவார்.

என் கட்டட உரிமையாளர் நல்ல மனிதர். "எதுக்கு வருசா வருசம் அலையுதீய? மூணு வருசத்துக்கு மொத்தமா எழுதிக்கிடுங்களேன், வாடகைய ஏத்தமாட்டேன்" என்கிறார். வியாபாரம் தெரிந்த எவனும் உடனே கையெழுத்துப் போடுவான். நான் மாட்டேன் என்று பிடிவாதமாக இருக்கிறேன். காரணம் கேட்டால் ஏதேதோ சொல்லிச் சமாளிக்கிறேன்.

மூன்று வருஷத்துக்கு எழுதினால், அண்ணாச்சி மூன்று வருஷத்துக்கு ஒருமுறைதானே வருவார்.