சூடம் அணைத்து வாங்கிய டாக்டர் பட்டம்

என் மகளை யாராவது ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் எனக்குக் காது அடைத்துவிடும். அதற்குப் பிறகு கையும் வாயும் என் பேச்சைக் கேட்காது. எங்கள் ஊர் பரளச்சியில் இது எல்லோருக்கும் தெரியும். மதுரைக் கல்லூரிக்காரர்களுக்குத்தான் தெரியாமல் போயிற்று.

மகள் மாரி எங்கள் பக்கத்துக் கண்மாய்களைப் பற்றி வருஷக்கணக்கில் ஆராய்ச்சி செய்தாள். (கண்மாயில் தண்ணீரே கிடையாது, எதை ஆராய்ந்தாளோ.) கடைசியில் வாய்மொழித் தேர்வு என்றார்கள். நாலு பேர் பார்க்க வெளியூர் வாத்தியார் கேள்வி கேட்பாராம். பதில் சொன்னால்தான் டாக்டர் பட்டம்.

பயத்தில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

"கேள்வி கேட்டா நாக்கு ஒட்டிக்கிரும்மா."

"நான் எதுக்கு இருக்கேன்? கூட வாரேன்."

அவள் முகம் இன்னும் வெளுத்தது. (பாசம் என்று நினைத்துக்கொண்டேன்.)

பையில் பணியாரம் எடுத்துக்கொண்டேன். தேர்வு முடிந்ததும் திருஷ்டி கழிக்கச் சூடமும் தீப்பெட்டியும்.

மாரி திரையில் படம் காட்டி நன்றாகத்தான் பேசினாள். முடிந்ததும் வெளியூர் வாத்தியார் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: "இதெல்லாம் நீங்களே செஞ்சதுதானா? வேற எங்கயும் எடுக்கலையே?"

எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான் என்று பிறகு சொன்னார்கள். அன்றைக்கு எனக்கு விளங்கியது ஒன்றுதான்: என் மகளைத் திருடி என்கிறார். அவளோ நாக்கு ஒட்டிப்போய் நிற்கிறாள். எங்கள் ஊரில் களவுப் பழி விழுந்தால் வாயடைத்து நிற்கக் கூடாது. சூடம் அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும்.

எழுந்து போனேன். அவர் தட்டிலிருந்த மிக்சரை ஒதுக்கிவிட்டுச் சூடத்தை வைத்துப் பற்றவைத்தேன்.

"ஐயா, எம்மக அடுத்தவுக பொருளத் தொட மாட்டா. ஏடி மாரி, அணைச்சுச் சொல்லுடி."

அது காகிதத் தட்டு என்பது எரியும்போதுதான் உறைத்தது. தீ மேஜை விரிப்புக்குத் தாவியது. மாரி ஓடிவந்து பாட்டில் தண்ணீரை ஊற்றினாள். பாதி தீயில், மீதி வாத்தியார் மடியில்.

மாரி என்னைப் பார்த்தாள். "இதுக்கு மேல என்ன ஆகப்போகுது? போயி உக்காரும்மா" என்றாள். அப்புறம் அவர் பக்கம் திரும்பி, "நானே செஞ்சதுதான் சார்" என்று ஆரம்பித்தாள் பாருங்கள். எந்தக் கண்மாய், எந்த மடை, யாரிடம் கேட்டது என்று கொட்டித் தீர்த்தாள். போதும் என்று அவரே கையைத் தூக்க வேண்டியதாயிற்று.

"பட்டம் கொடுத்துரலாம்" என்றார், நனைந்த கால்சட்டையைப் பிழிந்தபடி. "இன்னொரு கேள்வி கேக்க எனக்குத் தைரியமில்ல. அம்மா பையில வேற என்ன இருக்கோ."

"பணியாரம்" என்றேன்.

மாரி இப்போது கல்லூரியில் வாத்தியார். தன்னிடம் படிக்கும் பிள்ளைகள் தேர்வுக்குப் போகும்போது, "உங்கம்மா வாராகளா? முதல்ல பையப் பாரு" என்கிறாளாம். வீட்டில், குழம்புக்கு உப்புப் போட்டேன் என்று நான் சொன்னால்கூட மருமகன் தீப்பெட்டியை எடுத்து நீட்டுகிறார்.

நான் அதை வாங்கி இடுப்பில் செருகிக்கொள்கிறேன். அவரும் இப்போது ஆராய்ச்சிப் படிப்பில் சேர்ந்திருக்கிறார்.