சாயம் போகாத வழிகாட்டி

கடல் இல்லாத ஊருக்குத்தான் படகு அவசரமாகத் தேவை என்பது நீர்ப்பேரிடர் ஆயத்த வாரியத்தின் உறுதியான கொள்கை. கடல் உள்ள ஊரில்தான் ஏற்கெனவே படகு இருக்கிறதே, அங்கே போய் இன்னொன்றை எதற்குக் கொடுப்பது? இந்த நியாயத்தை யாராலும் மறுக்க முடியவில்லை. ஆகையால் சுனாமி வந்து சில வருஷங்கள் கழித்து, தலைமை அலுவலகத்துக்கு ஞாபகம் வந்த ஒரு நாளில், ஆரணிக் கிளைக்கு லாரியில் ஒரு படகு வந்து இறங்கியது.

வெள்ளை ஃபைபர் படகு, பின்னால் கறுப்பு மோட்டார். அதை இறக்கி விட ஊரில் தண்ணீர்தான் கைவசம் இல்லை. ஆற்றில் மணல் இருந்தது. ஏரியில் பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். கிளை அலுவலகத்தின் பின்பக்கம், ஒரு காலத்தில் பட்டு நூல் முறுக்கிக்கொண்டிருந்த பழைய ஷெட்டில், கல் அடுக்கி அதன்மேல் ஏற்றி வைத்தார்கள்.

கூடவே வந்த சுற்றறிக்கையில் 'சிறிய, வேகமான, அடிக்கடி நனையும் படகு' என்று கண்டிருந்தது. சிறியது என்பது பார்த்தாலே தெரிந்தது. வேகத்துக்கு லாரி டிரைவரே சாட்சி சொன்னார். நனைவதுதான் பாக்கி. கிளை அதிகாரி தனகோடி, எழுத்தில் இருப்பதை எழுத்துக்கு எழுத்து நடத்திக் காட்டுகிறவர். தினமும் காலையில் படகின்மேல் ஒரு குடம் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று வாட்ச்மேனுக்கு உத்தரவு போட்டார். குழாயில் தண்ணீர் வராத நாட்களில் அக்கம்பக்கத்து வீடுகளில் கேட்டு வாங்கி ஊற்றினார்கள். குடிக்க வைத்திருந்ததை எடுத்துக் கொடுத்தவர்கள்கூட முகம் சுளிக்கவில்லை. அரசாங்கப் படகு காய்ந்து கிடந்தால் ஊருக்கு அழகா?

இதில் வசமாக மாட்டிக்கொண்டவள் அமலோற்பவம். கிளையில் உதவியாளர் வேலை, சாமான் கணக்கெல்லாம் அவள் பொறுப்பு, வீடு போளூரில். கணவன் யோவான் அங்கே பள்ளிக்கூட வாத்தியார், மகள் ரீனா பிளஸ் டூ. விடியுமுன் எழுந்து சமைத்து வைத்துவிட்டு, சந்தவாசல் வழியாக வருகிற பஸ்ஸில் நின்றுகொண்டே வருவாள். இருட்டின பிறகு நின்றுகொண்டே திரும்புவாள். மகள் முகத்தை அவள் நன்றாகப் பார்ப்பது ஞாயிற்றுக்கிழமை கோயிலில்தான். வருஷக்கணக்காக மனுப்போட்டு, கெஞ்சி, கடைசியில் போளூர்க் கிளைக்கு மாற்றல் உத்தரவு வந்தது. வந்த வாரத்திலேயே படகும் வந்தது.

தனகோடி உத்தரவைப் படித்துப் பார்த்து, சந்தோஷம் என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"வழி காட்டுற மெஷின் பொருத்தாத வரைக்கும் அது படகு இல்லம்மா. படகு வடிவத்துல இருக்கிற ஒரு பொருள். பொருள்னு ஒப்படைச்சீங்கன்னா படகு எங்கன்னு கேப்பாங்க. படகுன்னு ஒப்படைச்சீங்கன்னா மெஷின் எங்கன்னு கேப்பாங்க. நான் உங்களை எப்படி ரிலீவ் பண்றது?"

"மெஷின் வாங்கிப் பொருத்திட்டா விட்டுடுவீங்களா சார்?"

"அன்னிக்கே."

அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு அமலோற்பவம் வேலையில் இறங்கினாள். கடலையே மெரினாவில் ஒரு தடவை பார்த்ததோடு சரி. ஆனாலும் ஒரு வாரத்துக்குள் சென்னையில் இருந்த ஏஜென்சிகளுக்கெல்லாம் போன் போட்டுவிட்டாள்.

மெஷினைத் தேர்ந்தெடுக்கக் குழு வேண்டும் என்பது விதி. தனகோடி தலைவர், அமலோற்பவம் செயலாளர், பொதுமக்கள் சார்பில் பட்டுக்கடை சம்பந்தம். நாலு பேர் கூடி ஒரு பொருளை எடுக்கிற விஷயத்தில் ஆரணியில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. எத்தனையோ கல்யாணக் கோஷ்டிகளைப் பாயில் உட்கார வைத்துச் சேலை எடுத்துக் கொடுத்தவர். குழுவில் சேர்ந்ததும் அவர் சொன்ன முதல் ஆலோசனை, ஆடி மாசத்தில் எடுக்க வேண்டாம் என்பது. முகூர்த்தப் பட்டை ஆடியில் எடுப்பார்களா? ஆவணி வளர்பிறையில் பார்த்துக்கொள்ளலாம் என்று தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. செயலாளர் என்ற முறையில் அமலோற்பவமே அதை எழுதினாள். எழுதும்போது அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆவணியில் ஒரு நல்ல நாளில் கிரண் என்ற ஏஜென்சிப் பையன் சென்னையிலிருந்து இரண்டு மெஷின்களோடு சம்பந்தத்தின் கடைக்கு வந்தான். ஒன்று சின்னது. ரப்பர் போர்த்தி, கட்டை விரல் அகலத்துக்குப் பட்டன் வைத்து, பார்க்க முரட்டுத்தனமாக இருந்தது. மற்றொன்று பெரியது. பளபளவென்று கண்ணாடி, பட்டனே கிடையாது, எல்லாம் டச் ஸ்கிரீன். ஊரில் அப்போதுதான் டச் போன் தலைகாட்டியிருந்தது. வைத்திருந்தவர்கள் போன் வராதபோதும் தடவிக்கொண்டிருந்த காலம்.

கிரண் நல்ல பையன். அதுதான் வினையாகிவிட்டது. விலை அதிகமான பெரியதைத் தள்ளிவிடப் பார்க்காமல் உண்மையைச் சொன்னான்.

"உங்களுக்குச் சின்னதுதான் சார் செட் ஆவும். சின்ன போட்டு, வேகமா போவும், தூக்கித் தூக்கிப் போடும், தண்ணி மூஞ்சில அடிச்சிகினே இருக்கும். ஈரக் கைய வச்சா டச் கேக்காது. பட்டன்னா தடவிப் பாத்தே அமுக்கலாம். பெருசு கப்பலுக்கு சார், உள்ளார ரூம்ல வைக்கிறது. சின்னதுல தண்ணி எவ்ளோ ஆழம்னும் காட்டும்."

"ஆரணி எங்க இருக்குது இதுல?" என்று கேட்டார் தனகோடி.

கிரண் இரண்டிலும் காட்டினான். கடல் நீலமாக இருந்தது, அதில் ஆழமெல்லாம் குறித்திருந்தது. கரைக்கு இந்தப்பக்கம் ஒன்றுமே இல்லாமல் வெறும் மஞ்சள். கடலில் போகிறவனுக்கு நிலம் எதற்கு என்று அவன் விளக்கியது எடுபடவில்லை. மாவட்டத்திலேயே பேர் போன ஊரை மஞ்சளாக விட்டிருப்பது தனகோடிக்கு மனவருத்தமாகிவிட்டது. கிரண் அவசரமாகப் பெரிய மெஷினில் ஒரு புள்ளி வைத்து, ஆங்கிலத்தில் ஆரணி என்று அடித்துக் காட்டினான். சம்பந்தம் தன் கடைக்கும் ஒரு புள்ளி வைக்கச் சொன்னார். அப்போதே பெரியதன் கை ஓங்கிவிட்டது.

அதன் பிறகு சம்பந்தம் முறைப்படி ஆரம்பித்தார். வெள்ளை வேட்டியை விரித்து இரண்டையும் கிடத்தினார். முதலில் கையில் தூக்கிப் பார்த்தார். பெரியது கனத்தது. கனம் என்றால் ஜரிகை ஜாஸ்தி, ஜரிகை ஜாஸ்தி என்றால் நல்ல சரக்கு. இரண்டாவது, கடை விளக்கை நம்பாமல் தெருவுக்கு எடுத்துப் போய் வெயிலில் பார்த்தார். சின்னது வெயிலிலும் படம் தெளிவாகக் காட்டியது, ஆனால் மினுக்கவே இல்லை. பெரியதில் ஒரு படமும் தெரியவில்லை, ஆனால் தெருவே மின்னியது. எதிரில் சைக்கிளில் வந்தவன் கண்ணைப் பொத்திக்கொண்டான்.

"இது முகூர்த்தத்துக்கு. அது வீட்ல கட்டிக்கிறதுக்கு" என்றார் சம்பந்தம்.

கிரண் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அடுத்துத் தண்ணீரில் போட்டுப் பார்ப்பார்கள், அப்போது எல்லாம் தெரிந்துவிடும் என்று அமலோற்பவம் அவனைக் கையமர்த்தினாள். அவளுக்கும் அந்த நம்பிக்கை இருந்தது. தண்ணீரில் போட்டால் எது தாங்கும், எது தாங்காது என்று குருடனுக்கும் தெரிந்துவிடும் என்று நினைத்தாள். ஆரணிக்காரர்கள் ஒரு பொருளை எதற்காகத் தண்ணீரில் போடுவார்கள் என்பதை அவள் யோசிக்கவில்லை.

இரண்டு பக்கெட்டில் தண்ணீர் வந்தது. சம்பந்தம் சட்டைக் கையை மடித்துக்கொண்டு இரண்டையும் முக்கினார். சின்னது உள்ளே கிடந்தபடியே எரிந்துகொண்டிருந்தது. பெரியது ஒரு தடவை சிமிட்டி, ஆரணியையும் பட்டுக்கடையையும் கடைசியாகக் காட்டி, அணைந்தது. கிரண் தலையில் கைவைத்துக்கொண்டான். ஆனால் குழு பார்த்துக்கொண்டிருந்தது மெஷினை அல்ல, தண்ணீரை.

சின்னதன் பின்பக்கத்தில் ஏஜென்சிக்காரர்கள் சிவப்பு மையில் ஒரு முத்திரை குத்தியிருந்தார்கள். அது கரைந்து பக்கெட் முழுக்க ரோஸ் கலராகிக்கொண்டிருந்தது. பெரியது கிடந்த தண்ணீர் பளிங்காக இருந்தது. சம்பந்தம் ஈர வெள்ளைத் துணியால் அதை அழுத்தித் துடைத்து, துணியை எல்லோருக்கும் விரித்துக் காட்டினார். ஒரு கறையும் இல்லை.

"சாயம் போவுல" என்றார்.

"அது செத்துப்போச்சு சார்" என்றான் கிரண்.

"தம்பி, சாயம் போற சரக்கை இந்த ஊர்ல எவனும் வாங்க மாட்டான்."

கிரண் தலைவரைப் பார்த்தான். தனகோடி நிதானமாகச் சொன்னார். இது தேர்வுக் குழு. எரிகிறதா, எரியவில்லையா என்பது பராமரிப்புப் பிரிவின் அதிகாரத்துக்கு உட்பட்டது. அதில் தலையிட்டால் வரம்பு மீறலாகிவிடும்.

மிச்சம் இருந்தது அமலோற்பவத்தின் கையெழுத்து. செயலாளர் மாறுபட்ட கருத்து எழுதினால் எல்லாம் முதலிலிருந்து ஆரம்பமாகும், வேறு மெஷின், வேறு வளர்பிறை. அன்றைக்கு வீட்டுக்குப் போய் யோவானிடம் சொன்னாள். அவர் நேர்மைக்குப் பேர் போன வாத்தியார். தட்டில் இருந்த சோற்றைப் பிசைந்துகொண்டே ரொம்ப யோசித்தார்.

"ஆரணியில ஏது தண்ணி? எழுதிக் குடுத்துட்டு வந்து சேரு" என்றார்.

மறுநாள் அவள் எழுதினாள். 'குழு மேற்கொண்ட நீராழ்வுச் சோதனையில் பெரிய கருவி எவ்வித நிறமாற்றமுமின்றித் தன் தரத்தை நிலைநாட்டியது' என்று எழுதினாள். ஒரு பொய்யும் இல்லாமல் இவ்வளவு பெரிய பொய்யைத் தன்னால் எழுத முடிந்ததில் அவளுக்கே ஆச்சரியம். மெஷினைப் படகின் மூக்கில் வைத்து முடுக்கினார்கள். மூக்கு ஒரு சாண் தாழ்ந்தது. தனகோடி சொன்ன சொல் தவறாமல் அன்றைக்கே அவளை விடுவித்தார்.

போளூரில் அமலோற்பவம் நடந்தே ஆபீஸ் போனாள். மத்தியானம் வீட்டில் சுடச்சுடச் சாப்பிட்டாள். ரீனா ராத்திரியில் படிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். இவ்வளவு சந்தோஷம் சம்பளத்தோடு கிடைக்கும் என்று அவள் நினைத்ததே இல்லை.

அந்த ஐப்பசியில் மழை கொட்டியது. ஆரணியில் ஏரி நிரம்பிக் கிரிக்கெட் மைதானத்தைத் தாண்டி, தாழ்வான தெருக்களில் இடுப்பளவு தண்ணீர் வந்துவிட்டது. படகு புறப்பட்டே ஆகவேண்டிய நேரம். ஆனால் வழிகாட்டும் கருவி ஒளிராத நிலையில் மோட்டாரை இயக்கக்கூடாது என்பது வாரியத்தின் விதி. தனகோடி விதிப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். கயிறு கட்டி இழுக்கக்கூடாது என்று எங்கேயும் போட்டிருக்கவில்லை.

தறி நெய்கிற கமலமும் அவள் தெருக்காரர்களும் இடுப்புத் தண்ணீரில் இறங்கிப் படகை இழுத்தார்கள். படகில் தனகோடி உட்கார்ந்து மெஷினுக்குக் குடை பிடித்தார். ஈரம் படாமல் இருக்க அதற்குப் பாலிதீன் உறையும் போட்டிருந்தார்கள். மிச்ச இடத்தில் சம்பந்தத்தின் குடோனில் இருந்த சேலைக் கட்டுகள். ஆட்களை ஏற்றவில்லையே என்று யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. மனுஷன் நனைந்தால் துவட்டிக்கொள்ளலாம், பட்டு நனைந்தால் என்ன செய்வது? கமலம் தன் வீட்டுக் கிழவனைத் தோளைப் பிடித்து நடக்கவிட்டு, தறியில் ஏற்ற வைத்திருந்த பாவு நூலைத்தான் படகில் ஏற்றினாள். ஒரு சேலைகூட நனையவில்லை. படம் பேப்பரில் வந்தது.

தை மாதம் கல்யாண மண்டபத்தில் பாராட்டு விழா வைத்தார்கள். தலைமை அலுவலகத்திலிருந்து இயக்குநரே வந்தார். அமலோற்பவத்தையும் போளூரிலிருந்து வரவழைத்து மேடையில் உட்கார வைத்தார்கள். யோவானும் ரீனாவும் முதல் வரிசையில் இருந்தார்கள். அவள் எழுதிய குறிப்பை இயக்குநர் முழுக்கப் படித்துக் காட்டினார். பட்டு நனையாமல் காத்த மெஷினைத் தேர்ந்தெடுத்த இப்படிப்பட்ட ஊழியரை இழக்க மாட்டோம் என்று கமலம் தலைமையில் ஊரே கையெழுத்துப் போட்டு மனுக் கொடுத்திருப்பதாகச் சொன்னார். பொதுமக்கள் கோரிக்கையை ஏற்று அவர் இன்று முதல் மீண்டும் ஆரணிக் கிளைக்கே மாற்றப்படுகிறார் என்றார்.

இனி மறைத்துப் பயனில்லை என்று அமலோற்பவம் எழுந்து போய் மைக்கைப் பிடித்தாள்.

"சார், அந்த மெஷின் வேலையே செய்யல. தண்ணியில போட்ட அன்னிக்கே செத்துப்போச்சு. இவங்க எல்லாம் நடந்துதான் வந்தாங்க. நான் ஒண்ணுமே பண்ணல சார், என்னை விட்டுடுங்க."

கமலம் பக்கத்தில் இருந்தவளிடம், "இம்மா பெரிய வேலை பண்ணிட்டு இன்னா அடக்கம் பாரு அந்தம்மாவுக்கு" என்றாள். மைக் இல்லாமலே அது எல்லோருக்கும் கேட்டது. கைதட்டல் எழும்பியது. சம்பந்தம் எழுந்து நின்று தட்டினார். இயக்குநர் மைக்கை வாங்கிக்கொண்டார். தன் பெருமையைத் தானே மறுக்கிற ஊழியரைத் தன் சர்வீஸில் பார்த்ததில்லை என்றார். மாற்றல் என்ற பேச்சே இனி எழாதபடி, பணி ஓய்வு பெறும்வரை அவர் ஆரணியிலேயே நிலைநிறுத்தப்படுகிறார் என்று அங்கேயே அறிவித்தார்.

முதல் வரிசையில் யோவான் தலையைக் குனிந்துகொண்டார். ரீனா விஷயம் தெரியாமல் பெருமையாகத் தட்டிக்கொண்டிருந்தாள். மேடையில் எல்லோரும் தட்டும்போது தான் மட்டும் சும்மா நின்றால் மரியாதையாக இருக்காது என்று அமலோற்பவமும் தட்டினாள்.