செவ்வாய்க்கிழமை ஃபிரிட்ஜ்

"இன்னிக்கு எப்படி இருக்கு, என் ராசா?"

"இருமற மாதிரி சத்தம் போடுது, நூபியா."

"வறட்டு இருமலா, சளி இருமலா?"

"வறட்டு இருமல்தான்."

"கதவை ரெண்டு தட்டு தட்டிட்டு, பக்கத்துல நாற்காலி போட்டு உக்காந்து ஒரு பாட்டு பாடுங்க. அடங்கிடும்."

"சரி. அப்புறம்... இன்னொரு விஷயம், நூபியா..."

"சொல்லுங்க."

"ஒண்ணுமில்ல. அடுத்த செவ்வாய் பேசறேன்."

என்றோ ஒட்டுக்கேட்ட இந்தப் பேச்சை நினைத்தாலே பாபியானுக்குப் பற்றிக்கொண்டு வரும். பர்ராங்கியா துறைமுக நகரத்து வெயிலில் ஊரே ஐஸுக்கு அலைகிறது. மாமனாரின் ஃபிரிட்ஜ் ரிப்பேர் கடையில் போன் எடுக்கிற நூபியா அம்மாளோ, எவாரிஸ்தோ என்ற ஒரு பெரியவரின் ஃபிரிட்ஜுக்குப் பாட்டு வைத்தியம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அதுவும் மூன்று வருடமாக!

கல்யாணத்துக்கு முன்னால் பாபியான் அதே கடையில் ஃபிரிட்ஜுகளை முதுகில் கட்டி மாடி ஏற்றுகிறவன். முதலாளி மகளைக் கட்டிய பிறகு அவனுக்கு ஒரு மேஜை கிடைத்தது, வேலைதான் கிடைக்கவில்லை. ஏசிக்கு நேர் கீழே இருக்கும் மேனேஜர் நாற்காலி மீது அவனுக்கு ஒரு கண். இந்த நிலையில்தான், முட்டை அரேப்பா என்கிற சோள அடை இலவசமாகக் கிடைக்கிறதே என்று ஓட்டலில் நடந்த ஒரு விற்பனைக் கூட்டத்துக்குப் போனான். போனவன் நான்கு அரேப்பாவையும் ஒரு மென்பொருளையும் விழுங்கிவிட்டு வந்தான்.

"இனிமே போன், வாட்ஸ்அப், ஈமெயில் எல்லாம் ஒரே இடத்துல வந்து விழும், மாமா. எங்கிருந்து வேணாலும் பாக்கலாம். எவன் எப்ப என்ன கேட்டான்னு அது மறக்கவே மறக்காது. எல்லாம் கிளவுட்ல, அதாவது மேகத்துல இருக்கும்."

மாமனார் குமெர்சிந்தோ வானத்தைப் பார்த்தார். "இந்த ஊர்ல மேகம் என்ன பண்ணும்னு தெரியுமில்ல? அரை மணி மழை பெஞ்சா தெருவுல நிக்கற கார் ஆத்துக்குப் போயிடும். அங்க கொண்டுபோய் என் வியாபாரத்த வைக்கறியா?"

"அது வேற மேகம், மாமா."

"ஒரு மாசம் பாக்கறேன். வியாபாரம் ஏறினா நாற்காலி உனக்கு. இறங்கினா பழையபடி முதுகும் கயிறும்."

மறுநாளிலிருந்து நூபியாவின் போன் வாயை மூடிக்கொண்டது. ஊருக்கெல்லாம் இயந்திரமே பதில் சொன்னது: 'மதிப்பிற்குரிய வாடிக்கையாளரே, உங்கள் குறை பதிவு செய்யப்பட்டது.'

முதல் ஆளாகப் பழைய வாடிக்கைக்காரி தல்கிஸ் அம்மாள் மூச்சிரைக்க ஓடி வந்தாள். "நான் என்னடி தப்பு பண்ணேன் நூபியா? எப்பவும் 'என் கண்ணு'ம்ப. இன்னிக்கு 'மதிப்பிற்குரிய'ங்கற! எங்கம்மா கோவம் வந்தாதான் எனக்கு மரியாதை குடுப்பா!"

அவளுக்குப் பின்னால் இன்னும் பத்துப் பேர் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றார்கள். நூபியா ஒவ்வொருவரையும் "என் கண்ணு" சொல்லித் தேற்றி அனுப்பினாள்.

"அன்பு போதல, அவ்வளவுதானே?" என்றான் பாபியான். மென்பொருளில் அதற்கும் ஒரு திருகு இருந்தது. கடைசி வரை திருகிவிட்டான்.

விடிந்ததும், முந்தின நாள் ரிப்பேர் முடிந்த ரொட்டிக்கடைக்காரரின் போனுக்கு ஒரு செய்தி போனது: 'என் உயிரே, நேற்று உங்கள் வீட்டில் நாம் கழித்த நேரம் இனித்ததா? எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?'

அதை அவர் மனைவியும் படித்துவிட்டாள். கரண்டியோடு கடைக்குள் நுழைந்தாள்.

"எவ அந்த உயிர்?"

"அக்கா, அது மெஷின்..."

"மெஷினா? அந்த ஆளு அஞ்சு நட்சத்திரம் போட்டிருக்கான்யா!"

கரண்டியை வாங்கி வைத்து, காபி கொடுத்து, நூபியாதான் அந்தக் குடும்பத்தைக் காப்பாற்றினாள். பாபியான் மேஜைக்கு அடியில் பேனா தேடிக்கொண்டிருந்தான்.

அன்பை அணைத்துவிட்டு, 'வாடிக்கையாளரை இழக்காதீர்' என்ற பகுதியை முடுக்கினான். அங்கே கேட்ட எல்லாவற்றுக்கும், படித்துப் பார்க்காமல், சம்மதம் என்று அழுத்தினான். இயந்திரம் பழைய கணக்கையெல்லாம் துழாவி, திரையில் சிவப்பாக ஒரே ஒரு பெயரைக் காட்டியது: எவாரிஸ்தோ. மூன்று வருடமாகத் தீராத குறை. நம்மை விட்டுப் போய்விடக்கூடிய ஆள்.

அவன் சம்மதித்தபடியே கடைக் கணக்கில் அவருக்கு ஒரு புது ஃபிரிட்ஜ் கிளம்பிவிட்டது. எவாரிஸ்தோ அதை வாசலிலேயே மறித்து, வேண்டவே வேண்டாம் என்று திருப்பி அனுப்பினார். திரும்பி வரும் வழியில் மழை பிடித்துக்கொண்டது. தெருவே ஆறானது. கடை மாடியில் நின்றிருந்த குமெர்சிந்தோவின் கண்ணெதிரே, வண்டியிலிருந்து நழுவிய புத்தம்புது ஃபிரிட்ஜ் கதவை ஆட்டி ஆட்டி விடைபெற்றுக்கொண்டு மிதந்து போனது.

"வேற மேகம்னியே?" என்றார் மருமகனிடம். "சாயங்காலத்துக்குள்ள அந்த மனுஷனோட ஃபிரிட்ஜ் சரியாகணும்." சுவரில் தொங்கிய கயிற்றை மட்டும் ஒரு பார்வை பார்த்தார்.

மழை நின்று தெருவில் தண்ணீர் வடிந்ததும் பாபியான் கருவிப் பெட்டியைத் தூக்கினான். "நூபியாக்கா, கிளம்புங்க. அதோட வியாதி உங்களுக்குத்தான் தெரியும்."

"நான் எதுக்கு தம்பி? இன்னொரு நாள் பாத்துக்கலாமே."

"இன்னொரு நாள் எனக்கு முதுகு இருக்காது!"

அவள் கண்ணாடியைத் தேடினாள். தலையைச் சீவினாள். செருப்பை மாற்றினாள்.

"ரிப்பேருக்குப் போறதுக்கு எதுக்கு லிப்ஸ்டிக்?"

"வாய மூடிட்டு நட."

எவாரிஸ்தோ கதவைத் திறந்தார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்ற ஆள்; மனைவியை இழந்து பல வருடம் ஆகியிருந்தது. நூபியாவின் குரலைக் கேட்டதும் அவசரமாக ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டார். பாபியான் விறுவிறுவென்று சமையலறைக்குள் போனான். அடுப்பு, மேஜை, தண்ணீர் ஜாடி, ஒரு தெர்மாகோல் ஐஸ் பெட்டி. கதவுக்குப் பின்னால் பார்த்தான். கொல்லையிலும் பார்த்தான்.

வெளியே வந்தபோது அவன் முகம் வெளிறியிருந்தது. "அக்கா! இந்த வீட்ல ஃபிரிட்ஜே இல்ல! மூணு வருஷமா இந்த ஆளு உங்கள ஏமாத்தியிருக்காரு!"

நூபியா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு நிதானமாக உட்கார்ந்தாள்.

"மொதல் செவ்வாயே தெரியும், தம்பி. பாட்டு பாடினா அடங்கற ஃபிரிட்ஜ எவன் செய்யறான்?"

எவாரிஸ்தோவின் காது சிவந்தது. "புதுசு நல்லா ஓடும்னாங்க, நூபியா. அத உள்ள விட்டா அப்புறம் எதச் சொல்லி உங்களுக்குப் போன் பண்றது? இப்பவே போன எடுத்தா மெஷின்தான் பேசுது."

"அதான் நானே வந்துட்டேனே. வாராவாரம் 'இன்னொரு விஷயம்'னு ஆரம்பிச்சு முழுங்குவீங்களே, அத இப்ப சொல்லுங்க."

அவர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். தொண்டையைக் கனைத்தார். அசல் வறட்டு இருமல்.

"நம்ம ரெண்டு பேருக்குமா சேத்து, இந்த வீட்டுக்கு ஒரு ஃபிரிட்ஜ் வாங்கலாமா, நூபியா?"