செருப்பை லிஃப்ட்டில் அனுப்பிய குத்தூசி அண்ணாச்சி

திருவனந்தபுரத்தில் பிள்ளையாருக்கே பரீட்சை வைத்த ஒரே மனிதர் எங்கள் குத்தூசி அண்ணாச்சிதான். புதிதாக ஒரு கோயிலுக்குப் போனால், முதலில் நடக்கவே கூடாத ஒரு வேண்டுதலை வைப்பார். 'நாளைக்குச் சாலை பஜாரில் பனி கொட்டணும், பிள்ளையாரே!' மறுநாள் வழக்கம்போல வெயில் கொளுத்தினால் திருப்தியாகத் தலையாட்டிவிட்டு, அதன் பிறகே நிஜமான வேண்டுதலோடு போவார். "கேட்டதுக்கெல்லாம் சரி சொல்ற சாமிய எப்படி மோளே நம்புறது?" என்று என்னிடம் கேட்டார். மோளே என்றால் மலையாளத்தில் மகளே.

அவருடைய சொந்தப் பெயர் எங்கள் பயிற்சி வகுப்பின் வருகைப் பதிவேட்டில் இருந்தது. யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஆரியசாலையில் அரிசி மொத்த வியாபாரம். மூட்டையின் வயிற்றில் குத்தி உள்ளே இருக்கும் அரிசியை வெளியே எடுத்துப் பார்ப்பார்களே, அந்தக் கூரான இரும்புக் குழாய்க்குப் பெயர் குத்தூசி. சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் அவருக்கு அதுதான் இருக்கும். ஐம்பத்திரண்டு வயதில், ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனி நடத்திய பத்து வாரப் பயிற்சியில், எங்களைப் போன்ற பொடிசுகளோடு வந்து உட்கார்ந்தார்.

"நீங்க எதுக்கு அண்ணாச்சி இங்க?" என்று முதல் நாளே கேட்டேன்.

"கடையில ஒரு கம்ப்யூட்டர் வாங்கி வெச்சோம். சுரேகா ரக அரிசி ஸ்டாக் இருக்குன்னு அது சொல்லுது. குடோன்ல போய்ப் பாத்தா எலிதான் இருக்கு. அதுக்குப் பொய் சொல்ல யாரு படிப்பிச்சதுன்னு எனக்குத் தெரிஞ்சாகணும், கேட்டியா?"

நான் வந்த காரணம் அவ்வளவு சுவாரசியமானதல்ல. பத்தாவது வாரம் வெள்ளிக்கிழமை செய்து காட்டும் பயிற்சி தேறினால் அங்கேயே வேலை. தேறாவிட்டால் நாகர்கோவிலுக்குத் திரும்பி, அப்பா பேசி வைத்திருந்தபடி மாமாவின் ஃபேன்சி ஸ்டோரில் வளையல் விற்க வேண்டும். வளையல்மீது எனக்கு விரோதம் இல்லை. மாமாமீது உண்டு.

வகுப்பு மூன்றாவது மாடியில். அண்ணாச்சி தினமும் காலையில் தன் செருப்பை மட்டும் லிஃப்ட்டில் வைத்து, மூன்றாம் எண்ணை அமுக்கி அனுப்பிவிடுவார். பிறகு வெறுங்காலோடு படியேறி வந்து, செருப்பு பத்திரமாக வந்து சேர்ந்ததா என்று பார்ப்பார். சேர்ந்திருந்தால், "கொள்ளாம், நல்ல லிஃப்ட்டு" என்று பாராட்டுவார். இதில் மேலே போக ஒரு நாளும் அவர் லிஃப்ட்டில் ஏற முடியவில்லை என்பது அவருக்கு உறைக்கவே இல்லை. "நேத்துதான் சரியா வந்துச்சே அண்ணாச்சி" என்றால், "நேத்து வந்தது இன்னைக்கும் வரும்னு எழுதிக் குடுத்திருக்கா?" என்பார்.

எங்களுக்குப் பாடம் எடுத்த மேடம் ஒரு நாள் புது முறை ஒன்றைச் சொல்லிக்கொடுத்தார். புரோகிராம் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கும் சோதனையை முதலில் எழுத வேண்டும். ஓட்டிப் பார்த்தால் தேறவில்லை என்று திரையில் சிவப்பு வரும், ஏனென்றால் நிரலை, அதாவது புரோகிராமை, இன்னும் எழுதவே இல்லை. பிறகு அந்தச் சோதனை தேறும் அளவுக்கு மட்டும் நிரல் எழுத வேண்டும். பச்சை வரும். அப்புறம் அடுத்த சோதனை. எங்களுக்கெல்லாம் கொட்டாவி வந்தது. அண்ணாச்சி மட்டும் எழுந்து நின்றுவிட்டார்.

"மேடம், இது எங்க ஆரியசாலை ஏற்பாடாச்சே! புதுத் தராசு வந்தா, அரைக் கிலோ கல்ல வெச்சு ஒரு கிலோவான்னு கேப்போம். இல்லேன்னு சொன்னாத்தான் தராசு உள்ள வரும்!"

அன்று முதல் அவருக்கு வகுப்பில் எதிரி இல்லை, என்னைத் தவிர. ஏனென்றால் என்னை அவரோடு ஜோடி சேர்த்துவிட்டார்கள்.

எங்கள் பயிற்சி ஒரு சின்ன விளையாட்டு. கறுப்புத் திரையில் வெறும் எழுத்து. கம்ப்யூட்டர் ஒன்றிலிருந்து நூறுக்குள் ஓர் எண்ணை நினைத்துக்கொள்ளும். நாம் ஓர் எண்ணை அடித்தால் பெரிசு, சிறுசு, சரி என்று சொல்லும். அவ்வளவுதான். மற்ற ஜோடிகள் இரண்டே நாளில் முடித்துவிட்டு வண்ணம் அடித்துக்கொண்டிருந்தார்கள். எங்களிடம் கடைசி வியாழக்கிழமை காலை வரை விளையாட்டே இல்லை, சோதனைகள்தான் இருந்தன. ஆடுபவர் ஒன்றும் அடிக்காமல் என்டரைத் தட்டினால்? ஐந்நூறு என்றால்? கோபம் வந்து திட்டினால்?

"யாரு அண்ணாச்சி கம்ப்யூட்டரத் திட்டப் போறா?"

"நான் தினமும் திட்டுறேனே."

எனக்கு வளையல் கண்ணுக்குள் குலுங்கியது. அன்று மத்தியானம் அண்ணாச்சி ஊணு சாப்பிடப் போன நேரம் பார்த்து, விளையாட்டு முழுவதையும் மடமடவென்று எழுதி முடித்தேன். சரியான எண்ணை அடித்தால் 'சரி' சொல்கிறதா என்பதற்கு ஒரு சோதனையையும் கடைசியில் ஒட்டவைத்தேன். ஓட்டினேன். எல்லாம் பச்சை. எனக்கே என்மேல் பெருமையாக இருந்தது.

அண்ணாச்சி கை துடைத்துக்கொண்டே வந்து திரையைப் பார்த்தார். "இந்தக் கடைசி சோதனை எப்ப செவப்பா இருந்துச்சு?"

"இல்ல அண்ணாச்சி, நேரா பச்சைதான்."

"பொறக்கும்போதே பச்சையா?" என்றவர் உட்கார்ந்து, 'சரி' சொல்லும் வரியை அப்படியே அழித்தார். என் உயிர் போய்விட்டது. மறுபடி ஓட்டினார். அப்போதும் பச்சை!

என் சோதனை எண்ணை அடித்ததே தவிர, விளையாட்டு என்ன பதில் சொன்னது என்று பார்க்கவே இல்லை. அழித்த வரியைத் திருப்பிப் போட்டு, சோதனையைத் திருத்தி ஓட்டினோம். சிவப்பு. சரியான எண்ணுக்கும் 'பெரிசு' என்றே சொல்லிக்கொண்டிருந்தது. எண் பெரிதாக இருந்தாலோ சமமாக இருந்தாலோ 'பெரிசு' சொல் என்று அவசரத்தில் எழுதியிருக்கிறேன். ஆயுசு முழுக்க ஆடினாலும் யாரும் ஜெயிக்க முடியாத விளையாட்டு!

திட்டுவார் என்று பார்த்தேன். "செவப்பு வந்தாச்சு, இனி பயமில்ல" என்று டீ வாங்கிக்கொடுத்தார். குடித்துவிட்டு அந்த வரியைத் திருத்தினோம், பச்சை வந்தது.

வெள்ளிக்கிழமை மேடம் ஒவ்வொரு மேஜையாக வந்தார். வந்ததும் வெறும் என்டரைத் தட்டினார். முதல் ஜோடியின் விளையாட்டு திரை முழுக்கப் புலம்பிவிட்டுப் படுத்துவிட்டது. இரண்டாவதும் அப்படியே. எங்கள் மேஜையில் தட்டினார். 'ஒண்ணும் அடிக்கலையே, ஒரு எண் சொல்லுங்க' என்றது. ஐந்நூறு அடித்தார். 'நூறுக்குள்ள கேளுங்க.' மேடம் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, 'போடா' என்று அடித்தார். 'கோவிச்சுக்காதீங்க, இன்னொரு தடவ பாருங்க.'

"ஐயோ, இது கொள்ளாமல்லோ, நல்லா இருக்கே!" என்று மேடம் சிரித்துவிட்டார். அதன் பிறகு ஐம்பது, எழுபத்தைந்து என்று நெருங்கி அறுபத்து மூன்றில் வந்து நின்றார். 'சரி' என்றது. நான் அங்கேயே அழுதுவிட்டேன்.

வேலை இருவருக்கும் கிடைத்தது. அண்ணாச்சி வேண்டாம் என்றார். "பொய் சொல்ல யாரு படிப்பிச்சதுன்னு பாக்க வந்தேன். பாத்தாச்சு. நம்ம பிள்ளைங்கதான். வேற ஆளு சாப்பிடப் போற நேரத்துல அவசரப்பட்டு எழுதுறது" என்று என் தலையில் லேசாகத் தட்டிவிட்டு, செருப்பை எடுத்துக்கொண்டு கடைக்குத் திரும்பிப் போனார்.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் வரும். "ஒண்ணுமில்ல மோளே, லைன் சரியா வேல செய்யுதான்னு பாத்தேன்" என்பார். நன்றாகக் கேட்கிறது என்றால் உடனே வைத்துவிடுவார். ஆறேழு வாரம் அப்படிச் சொல்லி ஏமாந்த பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது. நேற்றும் கூப்பிட்டார். கணீரென்றுதான் கேட்டது.

"சரியா கேக்கல அண்ணாச்சி" என்றேன்.

"செவப்பா? நல்லதாப் போச்சு. அப்போ முதல்லேருந்து ஒண்ணொண்ணா பாப்போம். சாப்பிட்டியா?" என்று ஆரம்பித்தார். முக்கால் மணி நேரம் பேசினோம்.